எந்தக் கார் நல்ல கார்?



பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் மடல் விடுத்திருக்கிறார். தென்னந்தோப்பில் காய் விற்ற பணத்தை ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு கார் வாங்க எண்ணியிருக்கிறார்கள். மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்திற்கு இருமுறை கோவைக்கு அழைத்துச் சென்று திரும்ப வேண்டும். பேருந்தில் இனி இயலாது. ஆனால் எந்தக் காரை வாங்குவது என்பதில் அவ்வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. "அத்தா, பிரித்து மாட்டுவதற்கு எளிதான பழைய மாருதியே போதும் என்கிறார். பெரியவன், டொயோட்டா தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறான். சின்னவனோ முன்புறம் முழுதும் திரை வைத்த புது வண்டி வேண்டுமென்கிறான். மூவரும் பேசத் தொடங்கினால் இஷாவுக்கு பாங்கு சொல்வதுகூடக் காதில் விழுவதில்லை. ஹஜ்ரத் அவர்கள்தாம் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்பது மடலின் சாரம்.

கிதாபு ஓதிக் கொடுப்பவரிடம் காரைப் பற்றிக் கேட்பானேன் எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் ஃபிக்ஹு நூல்களின் கொடுக்கல் வாங்கல் பகுதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக! முரட்டுக் குதிரை, கடிக்கும் கழுதை, மடி கட்டிய ஆடு என்று வாகனச் சந்தையும் கால்நடைச் சந்தையும் அங்கே இரைச்சலுடன் நடந்துகொண்டிருக்கும். அதற்குப் பின்னர் வருவோம். முதலில் அந்த வீட்டின் மூன்று கட்சிகளையும் விசாரிப்போம்.

நம் கோவையில் இவ்வழக்கு மிகப் பழையது. சாலையில் மூன்றே வகைக் கார்கள் ஓடிய காலத்திலும் அவற்றிற்கு மூன்று கட்சிகள் இருந்தன. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய அம்பாஸடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபிறவி. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் செய்த ஃபியட் 1100 டிலைட், பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது. மூன்றாவது, நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாஸடர் கட்சியினர் இடவசதியைப் பேசுவர். ஒரு குடும்பமும் அதன் சீர்வரிசையும் ஒன்றாகப் பயணம் செய்யும். ஃபியட் கட்சியினர் ஓட்டும் சுகத்தையும் பெட்ரோல் சிக்கனத்தையும் பேசுவர். ஹெரால்டு கட்சியினர் சிலரே. எனினும் அவர்களிடம் ஓர் அரிய வாதம் இருந்தது. அதன் பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து எஞ்சினில் கைவைக்கலாம்.

இம்மூன்று கட்சியினரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்: நம்பிக்கை. ஆனால் அதற்கு அவர்கள் கொண்ட பொருளைச் சற்று உற்று நோக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறும் பழைய கார்கள் பாதி வழியில் மூச்சுவாங்கி நிற்பது அந்நாளில் அன்றாடக் காட்சி. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவர். பெட்ரோல் சூடேறி ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொண்டால், ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவைத்துச் சற்று நேரம் காத்திருப்பர். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவர். வண்டி மீண்டும் புறப்படும். அம்பாஸடரில் ஹார்னைத் தவிர மற்ற யாவும் ஒலிக்கும் என்றொரு வேடிக்கைப் பேச்சு நாடெங்கும் உலவியதுண்டு. ஆக, அம்பாஸடரை நம்பியவர்கள் அது நிற்காது என்று நம்பவில்லை. நின்றால் ஓட்டிவிடலாம் என்று நம்பினார்கள். தாராபுரத்திலோ உடுமலையிலோ, எந்தப் பட்டறையிலும் அதன் உறுப்பு கிடைக்கும். எந்தக் கையும் அதைப் பிரிக்கும். இது எளிமை தரும் நம்பிக்கை.

1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 வெளிவந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பு. பழைய கட்சியினர் அதனைத் தகர டப்பா என்று எள்ளி நகையாடினர். மலைப்பாதையில் அந்த டப்பா சத்தமின்றி அவர்களைக் கடந்து சென்றபோது எள்ளல் குறைந்தது. அது நிற்கவே இல்லை! நின்றால் சரிசெய்யலாம் என்பது ஒரு நம்பிக்கை; நிற்காது என்பது முற்றிலும் வேறொரு நம்பிக்கை. முன்னது மெக்கானிக்கை நம்புவது; பின்னது தொழிற்சாலையை நம்புவது. பொள்ளாச்சி வீட்டில் அத்தாவும் பெரியவரும் இரவெல்லாம் வாதிடுவது இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான். அத்தா பேசுவது முதலாவதை; பெரியவர் பேசுவது இரண்டாவதை. இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவே இல்லை. (மாருதி 800 வெளிவந்த காலத்தில் அது புரட்சி செய்த புது வண்டி என்பதையும், இன்று அது அத்தாக்களின் எளிய பழைய வண்டியாகிவிட்டதையும் சின்னவர் கவனிப்பாராக. அவர் விரும்பும் திரைக்கும் அக்கதி வரும்.)

நிற்காத வண்டியை ஜப்பானியர் எங்ஙனம் கற்றனர்? இதற்கான விடை, தறியோசை கேட்டு வளர்ந்த சோமனூர், பல்லடம் வாசகர்களுக்கு என்னைவிட எளிதில் விளங்கும். சகிச்சி டொயோடா என்பவர் கார் செய்தவரல்லர், தறி செய்தவர். 1924இல் அவர் முழுமை செய்த தானியங்கித் தறியின் சிறப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தாலும் ஊடை தீர்ந்தாலும் அது தானாகவே நின்றுவிடும். பிழையோடு ஓடும் தறி, முழம் முழமாகப் பழுதான துணியை நெய்து குவிக்கும். பின்னர் அதைக் கண்டுபிடித்துப் பயனென்ன? எனவே பிழை நேர்ந்த நொடியிலேயே நிறுத்து, காரணத்தைக் கண்டறி, பிறகு ஓட்டு. இந்தத் தறியின் உரிமையை 1929இல், மான்செஸ்டருக்கு அருகேயுள்ள ஓல்டாம் நகரின் பிளாட் சகோதரர்கள் நிறுவனமே விலைக்கு வாங்கிற்று. உலகிற்கெல்லாம் நூற்பு இயந்திரம் விற்ற ஊர், ஜப்பானியத் தச்சர் மகனிடம் வாங்க நேர்ந்தது. அவருடைய மைந்தர் கீச்சிரோ கார் செய்யத் தொடங்கி, 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவானபோது, தறியின் அதே விதி கார்த் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது. பிழையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம்.

மாருதியின் மூலவரான சுசுகியும் இவ்வாறே. மிச்சியோ சுசுகி 1909இல் ஹமமட்சு நகரில் தொடங்கியது தறிப் பட்டறைதான். நம் சாலைகளில் இன்று பெரிதும் புகழப்படும் இரு பெயர்களும் நெசவாளருக்கு இயந்திரம் செய்தோரின் பெயர்கள் என்பது தென்னகத்தின் மான்செஸ்டரில் வாழும் நமக்குச் சுவையான செய்தி அன்றோ?

கோவையும் சும்மா இருக்கவில்லை. 1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் கதையை இங்கு அறியாதவர் இலர். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன், மாருதி 800இன் எளிய எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, குறைந்த செலவில் நம் இளைஞர்கள் பந்தயம் பழக வழிவகுத்தார். 1995இல் வான்விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. ஆகவே நம் பிள்ளைகள் கார்களைப் பற்றி இரவெல்லாம் பேசுவது இந்த மண்ணின் இயல்பு. அதனை வீண்பேச்சென்று நான் தள்ளமாட்டேன். ஒரு கம்பெனிக்காகச் சகோதரனைப் பரிகசித்து முகங்கோணச் செய்யும்போதுதான் அது ஜாஹிலிய்யாக் காலத்துக் குலப்பெருமையாக மாறுகிறது. அக்கம்பெனி இவர்களுக்கு உறவுமன்று, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்ததுமில்லை.

இனி, என் துறைக்கு வருகிறேன்.

சகோதரியின் சேமிப்புக்குப் புதிய கார் வராது. பழைய கார்தான் வாங்க முடியும். பழைய கார் என்றவுடன் கம்பெனியின் நேர்மை பாதி, விற்பவரின் நேர்மை பாதி என்றாகிவிடுகிறது. டொயோட்டா தொழிற்சாலை எத்தனை கயிறுகளைத் தொங்கவிட்டாலும், இடையில் அதனை ஓட்டியவர் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருந்தால், அல்லது மழைவெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்துத் தந்தால், அந்தப் பெயரால் பயனென்ன?

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கைவிட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கண்டித்து, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்த வரலாறு முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. குறையுள்ள பொருளைக் குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்பது இப்னு மாஜாவில் காணப்படும் நபிமொழியின் கருத்து. இவற்றை அடிப்படையாகக் கொண்டே, வாங்கிய பின் பழைய குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை இமாம்கள் வகுத்தனர். இதற்கு கியாருல் ஐப் என்று பெயர்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலில் இக்குறைகளின் பட்டியல் வருகிறது. வாகன விலங்கு கட்டுக்கடங்காமல் ஓடுவதும் கடிப்பதும் அதில் குறைகளாக எண்ணப்படுகின்றன. அடுத்து வருவது மேலும் சுவையானது. விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறவாமல் மடியைப் பெருக்கிக் காட்டுதல், வாய்க்காலின் நீரைத் தடுத்துவைத்து, வாங்குபவர் வரும் நேரத்தில் திறந்து, ஆலைச் சக்கரம் எப்போதும் விரைந்து சுழல்வதுபோல் காட்டுதல் ஆகியவை ஏமாற்றுகளாக அங்கே கூறப்படுகின்றன. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைக் குறைத்துவைக்கும் தரகர்கள், தாம் ஏதோ புதுக்கலை கண்டவர்களென்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய முன்னோர் மடி கட்டிய ஆட்டோடு அங்கே நின்றுகொண்டிருக்கிறார்கள். (மடி கட்டிய ஆட்டைத் திருப்பித் தரலாமா என்பதில் ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு வேறு. ஏமாற்றியவர் பாவி என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.)

ஆயினும் அதே நூல் வாங்குபவரையும் விட்டுவிடவில்லை. அக்காலச் சந்தையில், எழுதத் தெரிந்தவன் போல் தோன்றுவதற்காக அடிமையின் ஆடையில் மையைத் தடவி விற்பார்களாம். அதைக் கண்டு ஏமாந்தவருக்குத் திருப்பித் தரும் உரிமை இல்லையென்பதே வலுவான கருத்து. ஆடையில் கறையைக் கண்டு எழுத்தன் என்று முடிவுசெய்தது அவருடைய கவனக்குறைவு. புது இருக்கை உறையும் வாசனைத் தெளிப்பும் மெருகேற்றிய டயரும் கண்டு மயங்குவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

நம் கொங்கு விவசாயிகள் இதில் மயங்கமாட்டார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிப்பவர் கொம்பின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்து வயதறிவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். காருக்கும் பல் உண்டு. அதுதான் கால்மிதியின் ரப்பர். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் சொல்லும் வண்டியில் கிளட்ச் மிதியும் பிரேக் மிதியும் வழுவழுவெனத் தேய்ந்து, ஸ்டியரிங் சக்கரம் கைபட்டு மினுங்கினால், மீட்டரை நம்பாதீர், மிதியை நம்புங்கள். இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி சேற்றுக் கறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் அனுப்பி, குறையைச் சொல்லி விற்குமாறு பணித்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் விலை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பழைய கார் விற்கும் நம் சகோதரர்களுள் இதனைப் படிப்போர் இருக்கின்றனர். கியரில் ஓசை இருக்கிறது, ஒருமுறை இடது பக்கம் மோதி டிங்கரிங் செய்தது என்று சொல்லிவிட்டு விலையைக் குறைத்துக் கொடுங்களேன். அப்படி விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் உக்கடத்திலிருந்து ஊட்டி வரை அவரைத் தேடி வருவார்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடலாகாது. இராவுத்தர் என்ற சொல்லே குதிரையோடு தொடர்புடையது என்பதை அறிவீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்திறங்கின. அக்காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதுவது யாதெனில், பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளில் மிகப் பல ஓராண்டுக்குள் மடிந்தன. அவற்றிற்கு லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இங்கில்லை. அத்தகையோர் எவரும் இங்கு வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள், ஏனெனில் குதிரைகள் மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை! அவ்வணிகர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் என்பதை மறைப்பதில் பொருளில்லை.

இன்று அதே நிலையை வேறு வடிவில் காண்கிறோம். 2000ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் மறைந்து, மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு வந்தது. 2020 ஏப்ரலில் விதிகள் மேலும் இறுகின. இதனால் வண்டிகள் குறைவாகவே நிற்கின்றன, புகையும் குறைந்தது. இது நன்மையே. பழைய எளிமையைப் போற்றுவோர், அந்த எளிமை எத்தனை நடுவழி இரவுகளைத் தந்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் நிற்கும் அந்த ஒருநாளில், பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவியும் அதன் மென்பொருளும் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் மட்டும் இருக்குமாயின், கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் கதி என்ன? லாடம் கட்டத் தெரிந்தவரை ஊருக்குள் விடாத வணிகத்தின் மறுபதிப்பு இது. எட்டாம் வகுப்போடு பட்டறையில் சேர்ந்து, காது கொடுத்தே எஞ்சின் நோயைச் சொல்லும் பிள்ளைகள் பலர் உள்ளனர். ஜமாஅத்துகள் அவர்களை மாலை வேளைகளில் மின்னணுப் பயிற்சிக்கு அனுப்பி, நான்கைந்து பட்டறைகள் கூட்டாக ஒரு ஸ்கேனர் வாங்க கர்ளு ஹஸனாவாகப் பணம் கொடுத்தால், பள்ளிவாசலுக்கு இன்னொரு மினாரா கட்டுவதைவிட அது குறைந்ததாகாது என்பது என் எண்ணம்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கார் கேட்கும் கொடுமையைப் பற்றி இப்பகுதியில் முன்பே எழுதியாயிற்று. கேட்டு வாங்கிய காரில் எந்தக் கம்பெனி உயர்ந்தது என்று வாதிடுவோருக்கு என்னிடம் விடையில்லை. வங்கி வட்டிக்குக் கடன்பட்டுப் பெரிய வண்டி வாங்குவது பற்றியும் அவ்வாறே.

சகோதரியே, இப்போது தங்கள் வீட்டுக்கு வருவோம். திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம், குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையும் ஏறிச் செல்வதற்கு மட்டுமின்றி அழகுக்காகவும் படைக்கப்பட்டன என்று உணர்த்துகிறது. ஆகவே சின்னவரின் ஆசையை முற்றிலும் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் தங்கள் வண்டிக்கு வாரம் இருமுறை ஒரு நோயாளியைச் சுமக்கும் கடமை இருக்கிறது. சிகிச்சை முடிந்து களைத்திருக்கும் மூதாட்டி, கிணத்துக்கடவு அருகே வெயிலில் காத்துக்கிடக்க நேரக்கூடாது. எனவே பெரியவரின் நிற்காத வண்டியும் அத்தாவின் எளிய வண்டியும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள்: அதிகமாக விற்பனையாகி, பொள்ளாச்சியிலேயே உறுப்புகள் கிடைக்கும், கையால் கியர் மாற்றும் சிறிய பெட்ரோல் கார். மாருதி 800 வேண்டாம். 2014இன் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. கடைசி வண்டிக்கும் இன்று வயதாகிவிட்டது. இருக்கை உயரமாகவும் கதவு அகலமாகவும் உள்ளதா என்று பாருங்கள். மாமியாரையே அழைத்துச் சென்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். வண்டி அவருக்காகத்தானே? அவரை ஒருவரும் கேட்டதாகத் தங்கள் மடலில் காணோம்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பழக்கத்திற்காக வருவார் என்று எண்ணாமல் அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். தரகரிடம் கை நீட்ட வேண்டிய நிலை அவருக்கு வராதிருக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் சொல்லும் குறைகளை ஒரு தாளில் எழுதி, இருவர் சாட்சியோடு கையொப்பம் வாங்குங்கள். முறையாக விற்பவர் இதற்கு வருந்தமாட்டார். காலையில், சொன்ன நேரத்திற்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். போனவுடன் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின்மேல் கையை வைத்துப் பாருங்கள். அது முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் ஓசையையோ புகையையோ தாங்கள் அறியக்கூடாதென்று யாரோ முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் புறப்படுங்கள்.

வஸ்ஸலாம்.